மஹல்லா பைத்துல்மால்: தொடங்குவது முதல் விரிவாக்குவது வரை

ரமலான் மாதத்தின் பிற்பகுதியில் நம் ஊர்களில் செல்வந்தர் வீட்டு வாசல்களில் பெண்கள் வரிசையில் நிற்பதும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு நூறு ரூபாய்த் தாளோ ஒரு சேலையோ வைக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. கொடுப்பவர்களின் எண்ணம் தூய்மையானது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் தொகையும் சிறியதன்று. ஆனால் அடுத்த ரமலானிலும் அதே பெண்கள் அதே வாசல்களில் நிற்கிறார்கள். செல்வம் உங்களில் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று குர்ஆன் (59:7) சொல்வதன் நோக்கம் இந்த முறையால் நிறைவேறவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜகாத் என்னும் கட்டாயத் தர்மத்தைப் பற்றிச் சொன்னது, அது அங்குள்ள செல்வந்தர்களிடமிருந்து எடுக்கப்பட்டு அங்குள்ள ஏழைகளுக்குத் திருப்பித் தரப்படும் என்பதாகும். எடுப்பதற்கும் தருவதற்கும் இடையில் ஓர் அமைப்பு, அதாவது பைத்துல்மால் என்னும் பொது நிதியகம், இருந்தாக வேண்டும். ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினரைப் பட்டியலிடும் வசனத்தில் (9:60), அந்தப் பணியில் ஈடுபடுவோர் தனியொரு பிரிவாகவே இடம்பெற்றிருப்பதும் இதனால்தான். அந்த அமைப்பை ஒரு மஹல்லா (ஒரு பள்ளிவாசலைச் சுற்றி வாழும் சமூகம்) அளவில் எப்படி உருவாக்குவது என்பதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். வசூலில் தொடங்குவதுதான் பெரும்பாலான முயற்சிகள் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோகக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. எனவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: வீடு வீடாகக் கணக்கெடுப்பு

பெரும்பாலான ஜமாஅத்துகளிடம் (பள்ளிவாசல் நிர்வாக அமைப்புகளிடம்) ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் அது தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஜமாஅத் வசூலிக்கும் சந்தா) கட்டுவோரின் பதிவேடு. வரி கட்ட முடியாதவர், வாடகைக்குக் குடிவந்தவர், கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய பெண், அண்மையில் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பம் ஆகியோர் அதில் இருப்பதில்லை. உதவி மிகவும் தேவைப்படுவோர் யாரோ அவர்களே பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். எனவே பழைய ஏட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களை வரைபடமாக வரைந்து, ஒவ்வொரு கதவையும் தட்டிப் புதிய கணக்கெடுப்பை நடத்த வேண்டும்.

கணக்கெடுக்கச் செல்லும் குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்கள் சஃபரில் (பிழைப்புக்காக வெளியூர், வெளிநாடு சென்று) இருக்கும் வீடுகளிலும், விதவைகளும் தலாக் பெற்றவர்களும் வாழும் வீடுகளிலும் ஆண் தொண்டர்களிடம் உண்மை நிலை சொல்லப்படாது. கேட்க வேண்டியவை: குடும்பத்தில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார், பள்ளியை இடையில் நிறுத்திய பிள்ளைகள் உண்டா, தொடர் சிகிச்சையில் யாராவது இருக்கிறார்களா, கடன் எவ்வளவு, அது யாரிடம், வட்டி எவ்வளவு, என்ன தொழில் தெரியும். குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவை இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குரிய சான்றிதழை உரிய நேரத்தில் வாங்காததால் கல்லூரி இடத்தை இழக்கும் மாணவர் ஒருவர் இருந்தாலும் அது ஜமாஅத்தின் குறையே. விதவை உதவித்தொகையும், 2023 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படும் மகளிர் உரிமைத் தொகையும் தகுதியுள்ள வீடுகளுக்கு வந்து சேர்கின்றனவா என்று பார்த்தாலே, ஜகாத் பணத்தைத் தொடாமல் பல வீடுகளின் நெருக்கடி ஓரளவு தணியும்.

குர்ஆன் ஒரு வகை ஏழைகளைத் தனியாகச் சுட்டிக்காட்டுகிறது (2:273). அவர்கள் கேட்பதில்லை, தன்மானத்தால் கையேந்தாமல் இருப்பதால், அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவார். கணக்கெடுப்பின் முதன்மை நோக்கம் இவர்களைக் கண்டறிவதுதான். ஆகவே, திரட்டிய விவரங்களை இருவர் அல்லது மூவர் மட்டுமே பார்க்கும்படி பூட்டி வைத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, கூட்டங்களில் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டுமே சொல்லும் முறையைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்துங்கள்.

இரண்டாம் படி: ஆலோசனைக் குழுவும் சட்ட வடிவமும்

தங்கள் காரியங்களைத் தங்களுக்குள் கலந்தாலோசித்து நடத்துவது நம்பிக்கையாளர்களின் பண்பு என்று குர்ஆன் (42:38) கூறுகிறது. உஹதுப் போருக்குப் பிறகு, தோழர்களின் கருத்தை ஏற்று மதீனாவுக்கு வெளியே சென்று போரிட்டு இழப்பைச் சந்தித்த அந்த வேளையிலும், அவர்களோடு கலந்தாலோசிக்குமாறு நபியவர்களுக்கு இறைவன் கட்டளையிட்டான் (3:159). ஆலோசனையின் முடிவு ஒருமுறை பாதகமாகிவிட்டது என்பதற்காக அந்த முறையைக் கைவிடக் கூடாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

குழுவில் ஏழு முதல் பதினொரு பேர் போதும். இமாம், ஜகாத் சட்டம் அறிந்த ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்), கணக்கு அறிந்த ஒருவர், ஓர் ஆசிரியர், மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவர், இளைஞர் இருவர், பெண்கள் குறைந்தது மூவர் என்று அமைக்கலாம். பெண்களுக்கு இடமளிப்பதைப் புதுமை என்று எதிர்ப்பவர்களிடம் ஹுதைபிய்யாவை நினைவூட்டுங்கள். கி.பி. 628இல் அங்கே மக்காவின் குறைஷியரோடு உடன்படிக்கை கையெழுத்தான பிறகு தோழர்கள் மனம் உடைந்து, குர்பானி கொடுக்குமாறு சொல்லப்பட்டும் அசையாமல் நின்றபோது, நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) சொன்ன ஆலோசனைதான் நெருக்கடியைத் தீர்த்தது. நம் மாநிலத்தில் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உருவாக்க நேர்ந்ததற்குக் காரணம், தங்கள் வழக்குகள் தாங்கள் இல்லாத அவையில் தீர்மானிக்கப்படுகின்றன என்ற அவர்களின் நியாயமான குறைதான். அந்தக் குறைக்கு இடமே இல்லாத குழுவாக உங்கள் குழு அமையட்டும்.

சட்ட வடிவத்தைப் பொறுத்தவரை, பொது அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகவோ பதிவு செய்துகொள்ளலாம். வருமான வரி விலக்கு கோருவதாக இருந்தால், குறிப்பிட்ட சமயத்தினருக்கு மட்டும் என்று நோக்கங்களை எழுதுவது அந்த விலக்கைப் பாதிக்கக்கூடும். ஆவணம் எழுதுவதற்கு முன்பே பட்டயக் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். தனிநபர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஒரு நாள்கூடப் பொதுப்பணத்தை வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: பணத்தை வகை பிரித்தல்

மார்க்கச் சட்டம் மிகவும் நுணுக்கமாக இருக்கும் இடம் இதுதான். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டால் பிறகு சரிசெய்ய இயலாது. ஜகாத் என்பது உரியவருக்கு உடைமையாக்கித் தர வேண்டிய பணம். அதைக் கொண்டு பள்ளிவாசல் கட்டுவதையோ இமாமுக்குச் சம்பளம் கொடுப்பதையோ நான்கு மத்ஹபுகளும் (மார்க்கச் சட்டப் பிரிவுகளும்) ஏற்பதில்லை. சதக்கா, அதாவது விருப்பத் தர்மம், விரிவான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. கடனுதவி நிதியையும் முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கான உதவியையும் இதிலிருந்து நடத்தலாம். ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளைச் சென்றடைய வேண்டியது. வங்கியில் சேர்ந்துவிட்ட வட்டிப் பணத்தை நன்மையை எதிர்பாராமல் அப்புறப்படுத்த விரும்புவோரும் வருவார்கள். அதற்குத் தனிக் கணக்கு தேவை. ஆக நான்கு கணக்குகள், நான்கு ரசீதுப் புத்தகங்கள்.

தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பான்மையாக இருப்பதால், நகரத்து மஹல்லாக்களில் இரு சாராரும் கலந்தே வாழ்கின்றனர். பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டு என்பது ஹனஃபி சட்டம்; வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ சட்டத்தின் வலுவான கருத்து. நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்சச் செல்வ) அளவும் தங்கத்தில் ஏறக்குறைய 85 முதல் 87.5 கிராம் என்றும், வெள்ளியில் 595 முதல் 612 கிராம் என்றும் ஆலிம்களிடையே சற்று வேறுபடுகிறது. இந்த வேறுபாடுகளில் குழு தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் ஆலிமைக் கேட்டுக் கணக்கிட்டுத் தரட்டும், பைத்துல்மால் பெற்றுக்கொள்ளட்டும்.

நான்காம் படி: வசூல்

வசூலுக்கு முன் ஒரு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்) கணக்கெடுப்பின் சுருக்கத்தை, பெயர்கள் எதுவுமின்றி, இமாம் வாசிக்க வேண்டும். எத்தனை விதவைகள், படிப்பை நிறுத்திய எத்தனை பிள்ளைகள், தண்டல் கடனில் எத்தனை குடும்பங்கள் என்ற எண்கள் தம் சொந்தத் தெருவைச் சேர்ந்தவை என்று தெரியும்போது கொடுப்பவரின் மனம் தானே திறக்கும். முதல் ஆண்டில் ஜகாத் முழுவதையும் கேட்காதீர்கள். ஏழை உறவினர்களுக்குக் கொடுப்பதில் இரட்டை நன்மை உண்டு என்பதால், அதற்கு இடம் விட்டு, பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோ மட்டும் கேளுங்கள். நம்பிக்கை வளர வளர மீதி தானே வரும்.

ஐந்தாம் படி: கொடுத்தல்

ஒரு கணக்குக்காக, 400 தலைக்கட்டுகள் உள்ள மஹல்லாவில் 50 குடும்பங்கள் சராசரியாக 20,000 ரூபாய் ஜகாத் தருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம். அதை 200 ரூபாய்த் தாள்களாகப் பிரித்தால் 5,000 கைகளுக்குப் போய்ச் சேர்ந்து, பெருநாளுக்குள் கரைந்துவிடும். குடும்பத்துக்கு 50,000 வீதம் கொடுத்தால் 20 குடும்பங்கள் தொழில் தொடங்கலாம், அல்லது கடனிலிருந்து விடுபடலாம். "கொடுத்தால் தன்னிறைவு பெறும்படி கொடுங்கள்" என்பது இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கூற்று. கைத்தொழில் தெரிந்தவருக்கு அவர் தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கும், வணிகருக்கு அவருடைய வணிகத்துக்குத் தேவையான முதல் அளவுக்கும் ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ நூல்கள் விரித்துரைக்கின்றன. ஹனஃபி மத்ஹபில், கடனோ பெரிய குடும்பப் பொறுப்போ இல்லாத ஒருவருக்கு நிஸாபுக்கு மேல் ஒரே தவணையில் கொடுப்பது விரும்பத்தக்கதன்று. ஆனால் நம் பட்டியலிலுள்ள பெரும்பாலானோர் கடனாளிகளாகவும் குடும்பச் சுமை உடையவர்களாகவும் இருப்பதால் இந்தத் தடை நடைமுறையில் அரிதாகவே குறுக்கிடும்.

இதற்கு முன்மாதிரி மதீனாவிலேயே உண்டு. கி.பி. 622இல் மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சார்களோடு நபியவர்கள் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுமாறு ஸஅத் பின் ரபீஃ (ரலி) சொன்னபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று காட்டுமாறு கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். கொடுப்பவரின் தாராளத்தையும் பெறுபவரின் தன்மானத்தையும் ஒருசேரக் காட்டும் இந்த நிகழ்ச்சியை ஒவ்வொரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போதும் குழு நினைவில் கொள்ள வேண்டும். உதவி கேட்டு வந்த அன்சாரி ஒருவரின் வீட்டிலிருந்த துணியையும் கிண்ணத்தையும் நபியவர்கள் ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு திர்ஹங்களில் ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரி வாங்கவும் ஒதுக்கி, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்ன செய்தி அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. முதலில் உணவு, பிறகு கருவி, அதன் பிறகு ஒரு தவணை நாளில் நேரில் பார்த்தல் என்ற இந்த வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடும் வழக்கம் பரவிவிட்டது. அந்த இயந்திரத்துக்கு வேலை கிடைக்கிறதா என்று மூன்றாம் மாதம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

படம் எடுப்பதை முற்றிலும் தடை செய்யுங்கள். சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்பது இறைக்கட்டளை (2:264). முதியோர், படுத்த படுக்கையாக இருப்போர், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோரை உழைத்து மீளும்படி கேட்க முடியாது. அவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை, ஆண்டு முழுவதும், வீட்டுக்கே போக வேண்டும்.

ஆறாம் படி: வட்டியிலிருந்து மீட்டல்

கணக்கெடுப்பு முடிந்ததும் உங்களை மிகவும் வருத்தப் போவது கடன் பகுதிதான். மருத்துவச் செலவுக்கும் மகள் திருமணத்துக்கும் வாங்கிய கடன், தண்டலாகவும் வாரக் குழுக் கடனாகவும் அடகாகவும் பெருகி நிற்கும். வட்டி ஹராம் என்று மிம்பரில் (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையில்) சொல்வதோடு நிறுத்திக்கொண்டு மாற்று வழி எதையும் தராத ஜமாஅத், வட்டிக்கு வாங்கும் ஏழைப் பெண்ணைக் கண்டிக்கும் தகுதியைத் தானே இழந்துவிடுகிறது. செல்வம் பெருகாத காலத்தில், கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை (இறுதித் தொழுகையை) தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்ன நபியவர்கள், நிதி வந்து சேர்ந்த பிறகு, கடனோடு இறப்பவரின் கடன் தம் பொறுப்பு என்றும், அவர் விட்டுச் செல்லும் செல்வம் வாரிசுகளுக்கு உரியது என்றும் அறிவித்தார்கள். கடனாளிகள் ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினரில் ஒருவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

திருப்பிச் செலுத்த வழியே இல்லாதவரின் கடனை ஜகாத்திலிருந்து அடைக்கலாம். சம்பாதிக்கும் வழி உள்ளவருக்குச் சதக்கா நிதியிலிருந்து அழகிய கடன் (வட்டியில்லாக் கடன்) கொடுக்கலாம். 10,000 அல்லது 20,000 ரூபாய், பத்து முதல் இருபது மாதத் தவணைகள், இரண்டு ஜாமீன்தாரர்கள் என்று எளிய விதிகள் போதும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான்; சிறியதோ பெரியதோ தவணையோடு எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. நமக்குள் எதற்கு எழுத்து என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதற்கு முந்தைய வசனங்களில் ஒன்று (2:280), கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. எனவே தவணை தவறியவரின் வீட்டுக்கு முதலில் போக வேண்டியவர் நிலையை விசாரிக்கும் உறுப்பினர். வசூலிப்பவர் பிறகு போகட்டும்.

ஓர் எச்சரிக்கை. நிதியைப் பெருக்குவதற்காக மக்களிடமிருந்து வைப்புத்தொகையோ முதலீடோ வாங்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி அது குற்றமாகக்கூடும். அதே ஆண்டு பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது, ஹலாலான இலாபம் என்ற சொல்லை நம்பிப் பணம் போட்ட பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. கடனுதவி நிதி முழுவதும் நன்கொடையால் மட்டுமே ஆனதாக இருக்கட்டும். நகையை ஈடாக வாங்க நினைத்தால், முதலில் வழக்கறிஞரிடம் சட்ட நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: திருமணச் செலவு

கடனின் வேர் பல வீடுகளில் திருமணம்தான் என்பதைக் கணக்கெடுப்பு ஏடு உங்களுக்குக் காட்டும். மஹர் என்னும் மணக்கொடையை மணமகன் மணமகளுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை (4:4). நடைமுறையோ தலைகீழாகி, பெண் வீட்டார் நகை, ரொக்கம், சீர், விருந்து அனைத்தையும் சுமக்கிறார்கள். 1980களிலிருந்து தமிழ் முஸ்லிம்களிடையே வரதட்சணைக்கு எதிரான பிரச்சாரம் வலுவாக நடந்திருக்கிறது. மஹர் கொடுத்து மணமுடித்த இளைஞர்களும் நிறைய உண்டு. ஆயினும் ரொக்கம் மறைந்த இடங்களில் விருந்தும் நகையும் பெருகிவிட்டன.

ஜமாஅத்தின் கையில் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) இருக்கிறது. பதிவுக்கு முன் இரு வீட்டாரையும் தனித்தனியே அழைத்து, கொடுக்கல் வாங்கல் உண்டா என்று கேட்பது, உண்டு என்று தெரிந்தால் திருப்பித் தரும்வரை இமாமும் நிர்வாகிகளும் அந்தத் திருமணத்தில் பங்கேற்காமல் இருப்பது என்று தீர்மானம் போடலாம். இந்த விதி முதலில் செல்வாக்குள்ளவர் வீட்டில் செயல்பட வேண்டும். மக்ஸூமி குலத்துப் பெண் திருடிய வழக்கில் பரிந்து பேசப்பட்டபோது, உயர்ந்தோர் திருடினால் விட்டுவிட்டு எளியோர் திருடினால் தண்டித்ததால்தான் முன்னிருந்த சமூகங்கள் அழிந்தன என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர்) வீட்டுத் திருமணத்தில் தளர்த்தப்படும் தீர்மானம் அன்றோடு செத்துவிடும். ஊர் விலக்கம் என்ற ஆயுதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். சேர்ப்பதற்காக உருவான அமைப்பு மனிதரை வெட்டி எறியக் கூடாது.

எட்டாம் படி: அண்டை வீட்டார்

மதீனத்து ஒப்பந்தம் யூதக் குலங்களையும் ஊரின் பாதுகாப்பில் பங்காளிகளாக ஏற்றது. முதுமையில் கையேந்திய யூதர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி), அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்துவிடப்பட்டதும் இந்த மரபின் தொடர்ச்சியே. ஆனால் பேரிடருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜகாத் முஸ்லிம்களுக்கு உரியது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு என்பதால், சதக்கா கணக்கில் ஒரு பங்கைத் தெருவிலுள்ள மற்ற சமயத்தவரின் மருத்துவத்துக்கும் கல்விக்கும் என்று எழுத்திலேயே ஒதுக்கி வையுங்கள். இரத்ததானம், அவசர ஊர்தி, மாலைநேரப் படிப்பகம் ஆகியவற்றில் சமயம் பார்க்கவே கூடாது.

ஒன்பதாம் படி: கணக்கும் பொறுப்பு மாற்றமும்

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். பொதுப்பணம் பற்றிய கேள்வியைப் பொது இடத்தில் கேட்பது அவமதிப்பாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு கணக்குகளின் வரவு செலவையும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். பெற்றவர்களின் பெயர் இருக்கக் கூடாது. எத்தனை பேருக்கு, எந்த வகையில், எவ்வளவு என்பது இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை நடக்கட்டும். பொருளாளர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

பத்தாம் படி: மஹல்லாவைத் தாண்டி

மூன்று ஆண்டுகள் தடையின்றி நடந்த பிறகு அடுத்த மஹல்லாக்களோடு கைகோத்துக்கொள்ளலாம். டயாலிசிஸ் மையம், வெளியூர் மாணவியருக்கான விடுதி, போட்டித் தேர்வுப் பயிற்சி போன்றவை ஒரு தெருவின் சக்திக்கு அப்பாற்பட்டவை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி உருவானதும், 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தொடங்கப்பட்டதும் வணிகர்களின் செல்வம் கல்வி அமைப்புகளின் வழியே ஒன்றுதிரண்டதால்தான். அவை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இன்றுவரை கல்வி தந்துகொண்டிருக்கின்றன.

இத்தகைய நிலையான பணிகளுக்கு ஏற்ற நிதி வக்ஃபு (அறத்துக்கென நிலையாக ஒதுக்கிய சொத்து) வருமானம். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். உங்கள் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளும் மனைகளும் எவை, அவற்றின் வாடகை கடைசியாக எப்போது உயர்த்தப்பட்டது, இன்று அந்தத் தெருவில் நிலவும் வாடகை என்ன என்பதை ஒரு பட்டியலாக எழுதி வக்ஃபு வாரியப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குத்தகைதாரர்களில் நிர்வாகிகளின் உறவினர்கள் இருந்தால், அவர்கள் கடையின் வாடகையை முதலில் திருத்துங்கள். கூட்டமைப்பில் சேரும்போது ஒவ்வொரு மஹல்லாவின் ஜகாத்தும் அந்தந்த மஹல்லாவின் ஏழைகளுக்கே முதலில் செலவாகட்டும். பொதுப் பணிகளுக்கான பங்கை வக்ஃபு வாடகையிலிருந்தும் சதக்காவிலிருந்தும் மட்டும் செலுத்துங்கள்.